எந்த கவுன்ட்டரில் நிற்பது?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குப் பாதி பல்கலைக்கழக அலுவலகங்களில் அலைந்தவர்கள் எழுதியவை. மலையில் இருக்கும் நமக்கு இந்த அலைச்சல் இரட்டிப்பு, இறங்கி ஏறவே ஒரு நாள் போய்விடும். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளைகளுக்காக இந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வாசகி, கோத்தகிரி: என் மகள் கீழே ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் எம்.எஸ்சி. முடித்தாள். வெளிநாட்டில் படிக்க டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களையும் மார்க்கையும் காட்டும் அதிகாரபூர்வத் தாள், கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனால் கல்லூரியில் கேளுங்கள் என்கிறார்கள், கல்லூரிக்குப் போனால் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம்தானே என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரிதான் அம்மா, அதுதான் இதில் உள்ள வேடிக்கை. தன்னாட்சி என்றால் கல்லூரியே வினாத்தாள் தயாரித்து, தேர்வு வைத்து, மார்க் போட்டுக்கொள்ளும். அதற்கென்று அங்கேயே ஒரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். ஆகவே மார்க் சம்பந்தப்பட்டது எதுவானாலும், மார்க் ஷீட், எல்லாப் பருவ மார்க்கும் சேர்ந்த கன்சாலிடேட்டட் ஷீட், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் முதலில் கல்லூரியின் தேர்வுப் பிரிவில்தான் கேட்க வேண்டும். கல்லூரி ஆபீஸில் இல்லை, தேர்வுப் பிரிவில், பல இடங்களில் அது தனிக் கட்டடமாகவே இருக்கும். நீங்கள் ஆபீஸ் கவுன்ட்டரில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அவர்கள் பட்டம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பல்கலைக்கழகத்துக்குக் கையைக் காட்டியிருப்பார்கள். பட்டச் சான்றிதழ் உண்மையானதுதானா என்று சரிபார்த்துக் கடிதம் வேண்டும் என்றால் அது பல்கலைக்கழகத்தின் வேலை. சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் இந்தக் குழப்பமே இல்லை, மார்க்கும் பட்டமும் பல்கலைக்கழகத்தில்தான்.

கிளம்புவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் கேட்பவர்கள் அதை எப்படிக் கேட்கிறார்கள் என்று அவர்களுடைய பக்கத்தில் தெளிவாகப் போட்டிருப்பார்கள், யார் அனுப்ப வேண்டும், ஒட்டி முத்திரை வைத்த உறையா, இல்லை கல்லூரியின் மின்னஞ்சலிலிருந்து நேராகப் போக வேண்டுமா என்று. அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் பத்து நிமிடம் விளக்குவதை அந்தத் தாள் அரை நிமிடத்தில் விளக்கிவிடும்.

உறை என்றதும் என் பையன் கதை ஞாபகம் வருகிறது. இரண்டு நாள் அலைந்து வாங்கிய உறை, பின்பக்கம் ஒட்டின இடத்தில் குறுக்காக ஊதா மை முத்திரை, அதன் மேலேயே கையெழுத்து, எல்லாம் கச்சிதம். வீட்டுக்குக் கொண்டுவந்து, பேரில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன செய்வது என்று கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. உறைதான் செல்லாமல் போனது. இத்தனைக்கும் இந்த வேலையிலேயே தலைநரைத்தவன் நான். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே, மேஜைக்கு முன்னால் நின்றபடியே பெயர், பதிவு எண், ஆண்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள், ஒட்டாத பிரதி ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் தவறுகிறார்கள். டி.சி., நன்னடத்தைச் சான்று, போனஃபைட் இதெல்லாம் கல்லூரி முதல்வர் கொடுப்பது. வேறு பல்கலைக்கழகத்தில் சேரக் கேட்கும் மைக்ரேஷன் சர்ட்டிஃபிகேட் பல்கலைக்கழகம் கொடுப்பது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று இரண்டு பேரும் கொடுப்பதில்லை, அது வருவாய்த் துறையுடையது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என் கவுன்ட்டரில் இதைக் கேட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள்.

வாசகர், குன்னூர்: 1976-இல் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கினேன். வீடு மாறியதில் பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. டூப்ளிகேட் வாங்க கோவைக்குப் போகலாம் என்கிறான் மகன். இந்த வயதில் எத்தனை முறை அலைய முடியும்?

பதில்: கோவைக்குப் போகவே வேண்டாம் ஐயா. பாரதியார் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1982-இல்தான். அதற்கு முன் நம் மலைக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. கல் பங்களாவைச் சுற்றி நீங்கள் படித்த அதே கல்லூரி, அதே வகுப்பறை, ஆனால் பட்டத்தில் இருக்கும் பெயர் வேறு. உங்கள் ரெக்கார்டு சென்னை சேப்பாக்கத்தில் இருக்கும். கல்லூரி இன்று யாரோடு இணைந்திருக்கிறது என்பது பழைய சான்றிதழுக்குப் பொருட்டே இல்லை, சான்றிதழின் தலைப்பில் அன்றைக்கு என்ன பெயர் அச்சடித்திருந்தார்கள் என்பதுதான் கணக்கு. சேலம் பக்கத்துக்காரர்களுக்கும் இதே கதைதான், அங்கே பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997-இல். இன்ஜினியரிங் படித்தவர்கள் கதை இன்னும் சிக்கல், அண்ணா பல்கலைக்கழகத்தைக் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று கொஞ்ச காலம் பிரித்து வைத்திருந்துவிட்டு 2012-இல் மறுபடி ஒன்றாக்கினார்கள், அந்த இடைப்பட்ட வருடங்களில் சேர்ந்தவர்கள் சேர்ந்த வருடத்தையும் பதிவு எண்ணையும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

சரி, உங்கள் விஷயம். முதலில் காவல் துறையில் சான்றிதழ் தொலைந்ததைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணங்களுக்கு அறிக்கை பெறும் வசதி இருக்கிறது, மகனைச் செய்யச் சொல்லுங்கள். அந்த அறிக்கை போதுமா, இல்லை கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து தனியாகச் சான்று வேண்டுமா என்று விண்ணப்பப் படிவத்தில் போட்டிருக்கும், அதையும் படித்துவிடுங்கள். அடுத்து, பதிவு எண். அரை நூற்றாண்டுக்கு முந்தைய லெட்ஜரில் உங்கள் பெயரை வைத்துத் தேடினால் உங்கள் பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பதிவு எண்ணும் தேர்வு எழுதிய மாதம் வருடமும் இருந்தால் உடனே பக்கம் கிடைத்துவிடும். ஞாபகம் இல்லையென்றால் ஊட்டிக் கல்லூரி ஆபீஸில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், குன்னூரிலிருந்து ஒரு பஸ் தூரம்தானே. வீட்டில் மார்க் ஷீட் ஏதாவது தப்பியிருந்தால் அதிலேயே எண் இருக்கும். பணிப் பதிவேடு இருக்கிற அரசு வேலையில் இருந்தவர் என்றால் அதில்கூடக் குறித்திருக்க வாய்ப்பு உண்டு.

நேரில் போகத்தான் வேண்டும் என்று ஆனால், கடற்கரைச் சாலையில் கூம்பும் கோபுரமுமாக ஒரு சிவப்புக் கட்டடம் கண்ணில் படும், அது செனட் ஹவுஸ், 1870-களில் கட்டியது, பார்த்து ரசிக்கலாம், உங்கள் வேலை அங்கே இல்லை. நிர்வாகப் பிரிவுகள் அதே வளாகத்தில் நூற்றாண்டுக் கட்டடத்தில் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கிண்டி, தரமணி, மெரினா என்று வேறு வளாகங்களும் உண்டு, ஆட்டோக்காரரிடம் வெறுமனே யுனிவர்சிட்டி என்று சொல்லாமல் சேப்பாக்கம் என்று சொல்லுங்கள்.

வாசகர், கூடலூர்: டி.என்.பி.எஸ்.சி.க்குத் தமிழ் வழியில் படித்த சான்று வேண்டும். தாலுகா ஆபீஸா, கல்லூரியா?

பதில்: தாலுகா ஆபீஸ் இல்லை தம்பி. எங்கே படித்தாயோ அங்கே. பள்ளிப் படிப்புக்குப் பள்ளித் தலைமையாசிரியர், பட்டத்துக்குக் கல்லூரி முதல்வர், தேர்வாணையம் கொடுத்திருக்கும் படிவத்திலேயே வாங்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 2010 சட்டத்தில் வந்த 20 சதவீத ஒதுக்கீட்டுக்கான சான்று இது. பின்னால் வந்த திருத்தத்தின்படி கடைசிப் பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் சிலர் ஆரம்பப் பள்ளியை மலையாள வழியில் படித்திருப்பார்கள், நீ அப்படி இல்லையே என்று முதலில் பார்த்துக்கொள். இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும். கடைசித் தேதிக்கு முந்தின வாரம் கிளம்பாதே, அப்போதுதான் தலைமையாசிரியர் லீவில் இருப்பார்.

வாசகர், ஊட்டி: எம்.ஃபில். படித்த பழைய சான்று விஷயமாக முதல் முறையாக பாரதியார் பல்கலைக்கழகம் போகிறேன். எங்கே இறங்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஊட்டி பஸ் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடும். அங்கிருந்து காந்திபுரம் போனால் வடவள்ளி வழியாக மருதமலை போகும் டவுன் பஸ் நிறைய. கண்டக்டரிடம் யுனிவர்சிட்டி என்று மட்டும் சொன்னால் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடுவார், அவர் மேல் தப்பில்லை. அந்த ஒரே மருதமலை ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகம், பாரதியார் எல்லாமே இருக்கிறது. பாரதியார் யுனிவர்சிட்டி, வடவள்ளி தாண்டி என்று முழுசாகச் சொல்லுங்கள். முதல் பஸ்ஸில் இறங்கினால்தான் மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு முன் ஒரு கவுன்ட்டரையாவது முடிக்க முடியும். அப்புறம் அந்த ஸ்வெட்டரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், கோவை வெயிலில் கையில் ஸ்வெட்டரோடு நிற்பவரைப் பார்த்தால் மலையிலிருந்து வந்தவர் என்று பத்தடியிலேயே தெரிந்துவிடும். ஒரு வகையில் அது நல்லதும்கூட, கடைசி பஸ்ஸைச் சொல்லிக் கேட்டால் சில பேர் இரக்கப்படுவார்கள்.

யாரைப் பார்ப்பது என்றால், உங்கள் துறைத் தலைவரை இல்லை. துறை என்பது பாடம் நடக்கும் இடம், சான்றிதழ் சம்பந்தப்பட்ட ஃபைல் நிர்வாகக் கட்டடத்தில் ஏதாவது ஒரு செக்‌ஷனில் இருக்கும். ஆராய்ச்சிப் படிப்புக்கு எங்குமே தனிப் பிரிவு இருக்கும், மற்ற மாணவர்களின் தேர்வுப் பிரிவில் போய் நின்றால் அங்கே உங்கள் பெயரே இருக்காது. கவுன்ட்டரில் போய், சார் எனக்கு சர்ட்டிஃபிகேட் வேணும் என்று ஆரம்பிக்காதீர்கள். எம்.ஃபில்., இந்த வருடம், இந்தப் பதிவு எண், இந்தத் தாள் வேண்டும், எந்த செக்‌ஷன், எந்த மேஜை என்று கேளுங்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது இப்படிக் கேட்டவர்களை எழுந்துபோய் வழிகாட்டியிருக்கிறேன், மற்றவர்களுக்கு விரலைத்தான் நீட்டினேன், இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

வாசகி, மஞ்சூர்: பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தக் கேட்டுத் துணைவேந்தருக்கே பதிவுத் தபாலில் எழுதினேன். நாலு மாதமாகப் பதில் இல்லை.

பதில்: துணைவேந்தருக்கே எழுதியதுதான் தாமதத்துக்குப் பாதிக் காரணம் அம்மா. பெரியவருக்கு எழுதினால் சீக்கிரம் நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். அங்கே என்ன நடக்கும் என்றால், அவருடைய அலுவலகத்தில் ஒரு முத்திரை, பதிவாளருக்கு அனுப்பு என்று ஒரு குறிப்பு, பதிவாளர் அலுவலகத்தில் இன்னொரு முத்திரை, அங்கிருந்து தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், அங்கிருந்து உதவிப் பதிவாளர், அங்கிருந்து செக்‌ஷன். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நாள் தூங்கினாலே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழில் பெயர்த் திருத்தத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கே, கல்லூரி முதல்வர் வழியாக அனுப்பியிருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் திருத்துவார்கள், அதன் நகலை வைத்தீர்களா?

இப்போது செய்யக்கூடியது, புதிதாக ஒரு மனு, உரிய கட்டணத்தோடு, முடிந்தால் நேரில் தபால் பிரிவில் கொடுத்து உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்வது. அதுவும் நகராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசம் எழுதி அனுப்பலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், அது கேள்வி, தகவல் இல்லை என்று தட்டிக்கழிக்க இடம் கொடுக்கும். இன்ன தேதியிட்ட என் மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பதவியில் இருப்பவரிடம் இருந்தது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பல சமயம் அந்த நகலுக்குப் பதிலாகத் திருத்திய சான்றிதழே வந்துவிடும். மனு வேறு ஒரு பொது அதிகார அமைப்புக்குப் போக வேண்டியதாக இருந்தால், ஐந்து நாளுக்குள் அவர்களே அதை மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. பதில் வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வாசகி, கொடைக்கானல்: எங்கள் ஊரிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் நான் படித்தது கீழே. சான்றிதழ் வாங்கக் கீழே போனால், பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் வேலையைத் தானே முடித்துத் தருவதாகச் சொல்லி ஒரிஜினலைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா பல்கலைக்கழகம் 1984-லிருந்து இருந்தும் உங்களுக்கு உதவாமல் போனதே என்று வருத்தம் புரிகிறது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் எந்த செக்‌ஷன், எந்த சலான், எத்தனை நகல், சாப்பாட்டு நேரம் எப்போது என்று எல்லாம் கேளுங்கள், விசாரணை கவுன்ட்டரில் இருப்பவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். படிவத்தையும் அவரிடமே வாங்கி, அங்கேயே நகல் எடுங்கள். ஒரிஜினலை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.