நூலக வேலை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அக்கா, நூலக உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்க வாசிக்கலாம்தானே?

வாசிக்க நேரம் கிடைக்காது தங்கச்சி. திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கவே பொழுது போய்விடும். அதைவிடச் சலிப்பான வேலை, இறாக்கை இறாக்கையாக இலக்கம் சரிபார்ப்பது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து இலக்கமிடும் தூயி பகுப்பில் தமிழ்க் கவிதை 894.8111, புனைகதை 894.8113. கவிதை நூலொன்று கடைசி இலக்கம் மாறிப் புனைகதைக்குள் போய்விட்டால், பட்டியலில் இருக்கும், கையில் கிடைக்காது. தேடி வந்த பிள்ளை வெறுங்கையோடு போகும். அதனால் அந்தச் சலிப்பான வேலையைத்தான் நான் ஆக முக்கியமானதாக நினைக்கிறேன். நித்திரை வந்தால் எழுந்து நடந்துவிட்டு வந்து தொடருங்கள்.

எனக்கு ஆஸ்துமா. பழைய பத்திரிகைப் பகுதியில் போட்டிருக்கிறார்கள்.

பொறுப்பாளரிடம் இன்றே சொல்லி வேறு பகுதி கேளுங்கள் தம்பி. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கட்டின் ஓரத்தில் சாம்பல் நிறமாகப் பொருமித் தெரியும், மண்வாசனை அடிக்கும். அதை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, கறை உள்ளே இறங்கிவிடும். கட்டைப் பிரித்து வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசமும் கையுறையும் போட்டு, வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் தட்ட வேண்டும். இந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

நாரிப்பிடிப்பு வருமா?

வரும். கட்டிய பத்திரிகைத் தொகுதிகளைக் கீழ்த்தட்டில் வையுங்கள், இரண்டு பேராகத் தூக்குங்கள்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களில் நஞ்சு இருக்குமாமே?

சிலதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகள் சிலவற்றுக்கு ஆர்சனிக் கலந்த சாயம் போட்டார்கள். அப்படி ஒன்றைக் கண்டால் கையுறையோடு எடுத்து, உறையில் போட்டுத் தனியே வையுங்கள். பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, இந்தப் பாடு எதற்கு?

1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதற்குள் இருந்தன. அதனால் இணையத்தில் ஏற்றுவதை நானும் மனமார ஆதரிக்கிறேன். 'நூலகம்' என்ற இணையத் திட்டம் 2005இலிருந்து அதைத்தான் செய்கிறது. ஆனால் அதற்கும் ஒருவர் தூசி தட்டி, ஒவ்வொரு பக்கமாக விரித்து, விடுபட்ட பக்கம் உண்டா என்று எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். பொறுமை இருந்தால் வாருங்கள், பழக்கிவிடுகிறேன்.