சராயேவோவில் சுட்டது ஒருவன், போருக்குக் காரணம் யார்? கேள்வி பதில்

கேள்வி: டிரைவர் தப்பான தெருவில் திரும்பாமல் இருந்திருந்தால் முதல் உலகப்போரே வந்திருக்காது என்கிறார்களே?

பதில்: தெரு மாறியது உண்மைதான். 1914 ஜூன் 28 காலையில், போஸ்னியத் தலைநகர் சராயேவோவில் வீசிய குண்டுக்கு ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபெர்டினாண்ட் தப்பிவிட்டார். அதில் காயம்பட்டவரைப் பார்க்கப் போகும்போது, பாதை மாறிய விஷயத்தை டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை. திரும்பிய இடத்தில், இளவரசரைச் சுட்டுக் கொன்ற பிரின்சிப் நின்றிருந்தான். சரி, கொலை எப்படி நடந்தது என்பது இதில் விளங்குகிறது. போர்? ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவே ஒரு மாதம் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்திலேயே, என்ன செய்தாலும் கூட நிற்போம் என்று பெர்லின் (ஜெர்மன் அரசு) வியன்னாவுக்கு (ஆஸ்திரிய அரசுக்கு) வாக்குக் கொடுத்தது. 30ஆம் தேதி, செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. டிரைவர் மேல் பழியைப் போட்டால் இவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள்.

கேள்வி: கூட்டணிகளும் ஆயுதப் போட்டியும்தானே உண்மையான காரணம்? பள்ளியில் அப்படித்தான் படித்தோம்.

பதில்: பரீட்சைக்குப் போதும். ஆனால் 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோதும், 1912-13 பால்கன் போர்களின்போதும் அதே கூட்டணிகள் இருந்தன, பெரும்போர் வரவில்லை. ஆகவே 'அப்போது வராதது 1914இல் ஏன் வந்தது?' என்று கேட்க வேண்டும். ஜப்பானிடம் தோற்றுக் களைத்திருந்த ரஷ்யா 1909இல் போஸ்னியா விஷயத்தில் பின்வாங்கியது. இன்னொரு முறை அப்படிப் பணிய அதற்கு மனமில்லை.

கேள்வி: அறிவியல்போல வரலாற்றுக்கும் பொதுவிதி உண்டா?

பதில்: விதி இல்லாமல் விளக்கமே இல்லை என்று 1942இல் தத்துவவாதி கார்ல் ஹெம்பல் வாதிட்டார். இன்னொரு தத்துவவாதி வில்லியம் ட்ரே 1957இல் மறுத்தார்: விதிவிலக்கு வரும்போதெல்லாம் விதியைத் திருத்திக்கொண்டே போனால், கடைசியில் அது அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் தன் நிலையில் எது சரியென்று எண்ணி அப்படிச் செய்தார் என்று காட்டுவதே ட்ரேயைப் பொறுத்தவரை விளக்கம். நான் ட்ரே பக்கம். ஆனால் யாருமே விரும்பாத விளைவு வந்து நிற்கும்போது அவர் வழி அவ்வளவாக உதவாது.

கேள்வி: 'இப்படி நடந்திருந்தால்' என்பதெல்லாம் வெட்டிப் பேச்சுதானே?

பதில்: காரணம் என்று ஒன்றைச் சொன்னாலே, அது இல்லாவிட்டால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றுதானே சொல்கிறோம்! பெர்லின் வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் வியன்னா தயங்கியிருக்கும் என்று ஆவணங்களை வைத்து வாதாடலாம். அங்கிருந்து ஹிட்லர் வந்திருக்கமாட்டார் என்று தாவினால் கதைதான்.

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள், குற்றவாளி யார்?

பதில்: வியன்னாவும் பெர்லினும் முதலில், பீட்டர்ஸ்பர்க் (ரஷ்ய அரசு) அடுத்து.