சம்பளமில்லாதவர்களின் காயம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தவறு செய்தவர்களிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் பரவ வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் 14 வருடமாக டெக்ஸாஸில், ஆஸ்டினில் இருக்கிறேன். நெடுஞ்சாலையில் ஏறினால் வரிசையாக வக்கீல்களின் முகங்கள். 'விபத்தா? கூப்பிடுங்கள்' என்று ஆளுயர எழுத்தில் பலகைகள். தலைவலி என்று போனாலும் டாக்டர் ஸ்கேன் எழுதுகிறார், எல்லாம் வழக்குப் பயம். சூடான காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்ட ஒரு பாட்டி மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குப் போட்டு மில்லியன் கணக்கில் வாங்கிய நாடு இது. நல்லவேளையாக எங்கள் மாநிலத்தில் 2003இல் மருத்துவத் தவறு வழக்குகளில் கிடைக்கும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு வழக்குகள் குறைந்துவிட்டன. குழந்தை பிறந்திருப்பதால் மதுரையிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் எங்களுடன் இருக்கிறார். அவர்தான் வீட்டையே நடத்துகிறார். இங்கே எல்லோரும் சலித்துப்போன ஒன்றை நம் ஊருக்கு எதற்குச் சிபாரிசு செய்கிறீர்கள்?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

காபியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொன்ன வடிவத்தில்தான் அந்தக் கதையை நானும் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். வழக்கின் விவரங்களைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பாட்டி, ஸ்டெல்லா லீபெக், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரத்தவர். 1992 பிப்ரவரியில் அது நடந்தபோது அவருக்கு வயது 79. அவர் கார் ஓட்டவில்லை. பேரன் ஓட்டினார், பாட்டி பக்கத்து இருக்கையில் இருந்தார். காபிக்குப் பாலாடையும் சர்க்கரையும் சேர்ப்பதற்காகப் பேரன் வண்டியை நிறுத்தியும் விட்டார். வண்டியில் கோப்பை வைக்க இடமில்லை. முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தார், கோப்பை கவிழ்ந்தது. அவர் போட்டிருந்த பருத்திக் காற்சட்டை அந்தச் சூட்டை உறிஞ்சி உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டது. தொடை, இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடம் என்று உடம்பின் 6 சதவீதத்தில் மூன்றாம் நிலைத் தீக்காயம். மூன்றாம் நிலை என்றால் தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டது என்று பொருள். எட்டு நாள் ஆஸ்பத்திரி. வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். அதன் பிறகும் இரண்டு வருடம் சிகிச்சை தொடர்ந்தது.

அவர் முதலில் கேட்டது 20,000 டாலர், பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கு. கம்பெனி தர முன்வந்தது 800 டாலர். இதை எழுதும்போது இப்போதும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்த 800தான் வழக்கை நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

1994இல் ஜூரி முன்னால், அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த குழுவின் முன்னால், விசாரணை நடந்தபோதுதான் மற்றவை வெளியே வந்தன. காபியை 180 முதல் 190 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடாக வைக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. நம் கணக்கில் 82 முதல் 88 டிகிரி. அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் முழுதாக வெந்துவிடும். முந்தைய பத்து வருடங்களில் இதே காபியால் சுட்டுக்கொண்டதாக 700க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. விற்கிற கோடிக்கணக்கான கோப்பைகளோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டில்லை என்பது கம்பெனி தரப்பின் வாதம். ஜூரியில் இருந்தவர்களும் உங்களைப் போல, என்னைப் போல, 'காபிக்கு ஒரு வழக்கா' என்று நினைத்துத்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த 700ஐக் கேட்ட பிறகு அவர்களுக்கு மனது மாறியது.

பாட்டியின் மீதும் 20 சதவீதம் தவறு என்று ஜூரி சொன்னது. இரண்டு லட்சம் டாலர் இழப்பீட்டில் அதைக் கழித்து 1,60,000 ஆக்கியது. அதற்கு மேல், கம்பெனியைத் தண்டிப்பதற்கான தண்டனைத் தொகையாக 27 லட்சம் டாலர். அது கம்பெனியின் ஏறக்குறைய இரண்டு நாள் காபி விற்பனைக்குச் சமம். நீதிபதி தண்டனைத் தொகையை 4,80,000க்குக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். மக்கள் நினைவில் தங்கியது மட்டும் குறைக்கப்படுவதற்கு முந்தைய அந்த 27 லட்சம்தான். முதல் நாள் செய்தி ஊர் முழுக்கப் போனது. நீதிபதி குறைத்த செய்தி அத்தனை தூரம் போகவில்லை.

வழக்குகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தொழில் நிறுவனங்களும் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தன. கலிஃபோர்னியா 1975லேயே மருத்துவ வழக்குகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்துவிட்டது. ஆனால் 1994க்குப் பிறகு அவர்களுக்கு ஊரே சிரித்துக்கொண்டு கேட்கும் ஒரு கதை கிடைத்தது. அமெரிக்க காங்கிரஸ் குறைபாடுள்ள பொருட்கள் தொடர்பான வழக்குகளுக்கு வரம்பு வைக்கும் மசோதாவை நிறைவேற்றியது, 1996 மே மாதம் அதிபர் கிளிண்டன் அதைத் தடுத்தார். அதன் பிறகு போராட்டம் முக்கியமாக மாநிலங்களில் நடந்தது.

உங்கள் டெக்ஸாஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு பழைய வரம்பை 1988இல் அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியிருந்தது. எனவே 2003இல் சட்டம் மட்டும் போதாது என்று அரசமைப்பையே திருத்த வாக்கெடுப்பு நடத்தினார்கள். 51 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆதரவு கிடைத்து அது நிறைவேறியது. நீங்கள் சொல்வது உண்மை, வழக்குகள் குறைந்தன. டாக்டர்களின் காப்பீட்டுச் செலவும் குறைந்தது. அமெரிக்க முறையில் வழக்குகள் இழுத்துக்கொண்டே போகின்றன, கிடைப்பதில் கணிசமான பங்கு வக்கீலுக்குப் போகிறது என்பதையும் மறுக்க மாட்டேன். பலகையில் சிரிக்கும் அந்த முகங்கள் எனக்கும் உவப்பானவை அல்ல.

ஆனால் யாருடைய வழக்குகள் குறைந்தன என்று நீங்கள் கேட்கவில்லை.

அந்த வரம்பு எல்லா இழப்புக்கும் பொதுவானது இல்லை. போன சம்பளம், இனி வரவேண்டிய சம்பளம், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கு உயிரோடிருப்பவரின் வழக்கில் அங்கே வரம்பு கிடையாது. வலி, முடங்கிப்போன வாழ்க்கை, உருக்குலைவு, பார்வை போனது, ஒரு தாயின் அருகாமை இல்லாமல் போனது என்று பில் போட முடியாத இழப்புகளுக்குத்தான் வரம்பு. டாக்டர்கள் தரப்பில் மொத்தம் 2,50,000 டாலர், ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தால் அதிகபட்சம் 7,50,000. விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது. கலிஃபோர்னியாவில் 1975இல் வைத்த அதே 2,50,000ஐ மாற்ற 2022 வரை, 47 வருடம் ஆனது.

இப்போது ஒரே டாக்டரின் ஒரே தவறு இரண்டு பேருக்கு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நீங்கள். உங்கள் இழப்பின் பெரும்பகுதி சம்பளம், அது முழுதாகக் கணக்கில் வரும். இன்னொருவர் உங்கள் அம்மா. அதிகாலையில் எழுந்து பால் காய்ச்சி, பேரனைக் குளிப்பாட்டி, நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதற்கு முன் இட்லி எடுத்துவைப்பவர். சட்டத்தின் கணக்கில் அவருக்கு வருமானம் பூஜ்ஜியம். மருத்துவச் செலவு போக, அவர் இழப்பதில் பெரும்பகுதி வரம்புக்கு உட்பட்ட பக்கத்தில் போய் விழுகிறது. குழந்தைகளுக்கும் ஓய்வுபெற்ற முதியவர்களுக்கும் இதே கதிதான்.

அங்கே இந்த வழக்குகளில் வக்கீல்கள் பொதுவாக முன்பணம் வாங்குவதில்லை. ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு போல எடுத்துக்கொள்கிறார்கள், செலவை அவர்களே போடுகிறார்கள். மருத்துவ வழக்கென்றால் வேறு டாக்டர்களைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும், அதற்கே பெரும் பணம் ஆகும். வரக்கூடிய தொகைக்கு மேலே கூரை இருக்கிறது என்று தெரிந்தால் வக்கீல் தொலைபேசியிலேயே 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிடுவார். அப்படி வைக்கப்பட்ட தொலைபேசிகளும் உங்கள் 'குறைந்துவிட்டன' என்ற சொல்லுக்குள் இருக்கின்றன. அவர்களுக்கு நடந்த தவறு நடக்காமல் போய்விடவில்லை.

இதில் நான் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் அம்மா.

1999இல் ஒரு தனியார் பேருந்து அம்மா இறங்கி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டோம். வக்கீல் நல்ல மனிதர்தான். அவர் முதலில் கேட்டது, "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றேன். "சும்மா இருக்காங்கன்னு எழுதினா ஒண்ணும் தேறாது. ரெண்டு பசுமாடு வச்சுப் பால் விக்கிறாங்கன்னு போட்டுரலாம்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு வருடத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. கணவர் சம்பாதிக்கிறார் என்றால் மனைவியின் மதிப்பு அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2010இல் கடுமையாக விமர்சித்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் போட்டு 'வேலை செய்யாதவர்கள்' என்று எழுதியதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அதற்கு முன்பே, 2001இல், ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று நீதிமன்றம் மதிப்புப் போட்டிருந்தது. அன்றைக்கு அதுவே ஒரு முன்னேற்றம்.

அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். ஊன்றுகோலோடு நின்றார். பேருந்துத் தரப்பு வக்கீல், "மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று கேட்டார். அம்மா எங்கள் வக்கீலை ஒருமுறை பார்த்தார். "எங்க வீட்ல மாடு கெடையாதுங்க ஐயா. ஏழு பேருக்குச் சமைக்கிறேன், மாமியாரைப் பாத்துக்கிடுதேன், அதான் என் வேலை" என்றார்.

தீர்ப்பில் மாடு போய்விட்டது. ஏழு பேருக்குச் சமைத்தது மனுவில் எங்கும் எழுதப்படாததால் தீர்ப்பிலும் வரவில்லை. கிடைத்த பணம் ஆபரேஷன் கடனில் பாதியைத்தான் அடைத்தது. அம்மா அதன் பிறகு தரையில் உட்காரவே முடியாமல் போனதற்கு அந்தக் காகிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

நம் ஊருக்கு நான் கேட்பது நெடுஞ்சாலைப் பலகைகளை அல்ல. சம்பளச் சீட்டு இல்லாதவரின் வலிக்கும் ஒரு வரி எழுதும் வழக்குமுறையைக் கேட்கிறேன். ஸ்டெல்லா லீபெக்கின் ஜூரி அந்த வரியைத்தான் எழுதியது. டெக்ஸாஸ் 2003இல் அதன் மேல்தான் கூரை போட்டது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் ஊர் திரும்பும்வரை அவருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா