சிரங்குப் பூச்சியும் வெள்ளையணுவும்: கேள்வி பதில்

தோலில் குடியேறும் ஒட்டுண்ணிகள், அவற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளையணுக்கள் பற்றி வந்த கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

டாக்டர், வீட்டில் நாலு பேருக்கும் ஸ்கேபிஸ் (சிரங்கு). எனக்கு மட்டும் ஈசினோபில் என்ற வெள்ளையணு 12 சதவீதம். என் மேல்தான் பூச்சி அதிகமா?

அப்படிச் சொல்ல முடியாது. முதலில் சதவீதத்தை மொத்த வெள்ளையணு எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 9,000 என்றால் 1,080 வரும். 500-ஐத் தாண்டினால் அதிகம்தான். அதே 12 சதவீதம், மொத்தம் 4,000 இருப்பவருக்கு 480. அவர் கவலைப்பட ஒன்றுமில்லை.

சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடம்பில் இருப்பது சுமார் 10–15 பூச்சிகள். அவை தோலின் மேலடுக்கிலேயே வளை தோண்டிக்கொண்டு கிடக்கும், ரத்தத்துக்குள் போகாது. அதனால் பலருக்கு ரத்தத்தில் ஈசினோபில் ஏறுவதே இல்லை. உங்களுக்கு 1,080 வந்தால் அதற்கு ஆஸ்துமா, மூக்கு அலர்ஜி, சாப்பிடும் மருந்து, குடல் புழு என்று வேறு காரணம் இருக்கலாம். மலப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அரிப்பே இல்லாத என் கணவரும் மருந்து போட வேண்டுமா மேடம்?

கட்டாயம், அதுவும் அதே நாளில். முதல் தடவை பூச்சி ஏறினால் 4–6 வாரம் வரை அரிப்பு வராது. பூச்சியின் எச்சில், கழிவு, முட்டை இவற்றின் புரதங்களைத் தோலிலுள்ள லாங்கர்ஹான்ஸ் என்னும் காவல் செல்கள் நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் டி செல்கள் என்னும் வெள்ளையணுக்களுக்குக் காட்ட வேண்டும். டி செல்கள் பெருகித் தோலுக்குத் திரும்ப வேண்டும், அதன் பிறகுதான் அரிக்கும். போதாததற்கு, பூச்சி சுரக்கும் சில புரதங்கள் காம்ப்ளிமென்ட் என்னும் தற்காப்பை முடக்கிவிடுகின்றன. அரிப்பு தொடங்குவதற்குள் தொற்று அடுத்தவருக்குப் போயிருக்கும்.

இரண்டாம் தடவை கதை வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஷெஃபீல்டில் கென்னத் மெலன்பி தொண்டர்களை வைத்துச் செய்த ஆய்வில், மறுபடி பூச்சி ஏறியவர்களுக்கு ஒரு நாளிலேயே அரித்தது. பூச்சி எண்ணிக்கையும் குறைவாகவே இருந்தது.

பெர்மெத்ரின் (சிரங்குப் பூச்சியைக் கொல்லும் க்ரீம்) போட்டுப் பத்து நாள் ஆகியும் அரிப்பு போகவில்லை. தினமும் போடட்டுமா?

வேண்டாம், தோல் எரிந்து புது அரிப்பு கிளம்பும். பூச்சி செத்தாலும் அதன் உடலும் முட்டையோடும் தோல் உதிரும்வரை உள்ளேயே இருக்கும். டி செல்களும் ஈசினோபில்களும் அதுவரை ஓயாது. 2–4 வாரம் அரிப்பது இயல்பு.

போட்ட விதம் சரியா என்று பாருங்கள். 5 சதவீத க்ரீம், பெரியவருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 கிராம், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை. நகத்தடி, விரலிடுக்கு, தொப்புள், பிறப்புறுப்பு இவற்றைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 8–14 மணி நேரம் இருக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மறுபடி போடுங்கள். 7 நாள் கழித்து இன்னொரு தடவை. துணிகளை வெந்நீரில் துவைக்கலாம். முடியாதவற்றைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். 4 வாரத்துக்குப் பிறகும் புதிதாக வளைக் கோடுகள் தெரிந்தால் திரும்ப வாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஸ்டீராய்டு க்ரீமில் அரிப்பு உடனே நின்றுவிட்டதே?

நின்றதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு அடக்குவது உங்கள் லிம்போசைட்டுகளை, அதாவது டி செல்கள் போன்ற வெள்ளையணுக்களை. பூச்சி பாட்டுக்கு முட்டையிடும். தடிப்பின் தோற்றமும் மாறி, பார்க்கிற மருத்துவரையே ஏமாற்றும்.

எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு இது தடித்த பொருக்குச் சிரங்காக மாறலாம். அப்போது பூச்சி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட இருக்கும். விசித்திரம் என்னவென்றால், இவர்களுக்குத்தான் ரத்தத்தில் ஈசினோபிலும் ஐஜிஇ என்னும் அலர்ஜி எதிர்பொருளும் எகிறி நிற்கும். அந்தப் படையால் பூச்சியை ஒன்றும் செய்ய முடிவதில்லை. சாதாரணச் சிரங்கின் தடிப்பில் சிடி4 வகை (மற்ற செல்களுக்கு உதவும்) டி செல்கள் அதிகம். இதிலோ சிடி8 வகை (செல்களைக் கொல்லும்) டி செல்கள். க்ரீம் மட்டும் போதாது, ஐவர்மெக்டின் மாத்திரையும் பல தவணை தேவைப்படும்.

டொக்டர், வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். முழங்கையில் நோகாத புண், மணல் ஈ கடித்தது என்கிறார்கள். ஈசினோபில் கூடவில்லையே?

இதில் அது ஏறாது. மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா ஒரு செல் உயிரி. அதை எதிர்க்கும் வெள்ளையணுக்களே வேறு. கடித்த இடத்துக்கு முதலில் ஓடி வரும் நியூட்ரோபில்கள் விழுங்கியும் அது சாவதில்லை. பிறகு மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்லுக்குள் புகுந்து அங்கேயே பெருகும். டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் சைகைப் புரதத்தைச் சுரந்து மேக்ரோஃபேஜை உசுப்பினால்தான் உள்ளிருப்பதைக் கொல்லும். ரத்தப் பரிசோதனையை நம்பி இருக்க வேண்டாம். புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, ஜீம்சா சாயமிட்டு, மேக்ரோஃபேஜுக்குள் 2–4 மைக்ரான் அளவு லீஷ்மேனியா உருண்டைகள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இலங்கையில் இதற்குக் காரணம் லீஷ்மேனியா டோனவானி. இந்தியாவில் காலா அசார் (உள்ளுறுப்புகளைத் தாக்கும் நோய்) உண்டாக்கும் அதே இனம், உங்கள் நாட்டில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது.

கடற்கரையில் வெறுங்காலோடு நடந்த பிறகு பாதத்தில் சிவப்புக் கோடு ஊர்கிறது. பயாப்ஸி (தோல் துணுக்குப் பரிசோதனை) எடுக்கலாமா?

எடுத்தும் பயனில்லை. இது நாய், பூனையின் கொக்கிப்புழு லார்வா. ஈசினோபில்கள் அது விட்டுப்போன தடத்தில்தான் கூடியிருக்கும்; லார்வா கோட்டின் நுனியைத் தாண்டி முன்னே போயிருக்கும். கோட்டைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். பெரியவருக்கு அல்பெண்டசோல் என்னும் புழு மாத்திரை 400 மி.கி. வீதம் மூன்று நாள் வழக்கம். கர்ப்பிணி என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.