கண்டி நகரில் ஆட்கள் குறைகிறார்களா? புறநகரில் காணி வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த நான், கண்டி நகரில் வாடகை அறையில் தங்கி வேலை செய்கிறேன். நகரின் சனத்தொகை குறைவதாகச் சொல்கிறார்கள். குண்டசாலைப் பக்கம் பத்துப் பேர்ச் காணி வாங்குவது புத்திசாலித்தனமா, அல்லது நகருக்குள்ளேயே இருப்பது நல்லதா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பிழையல்ல. கண்டி மாநகர சபை எல்லைக்குள் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,10,000 பேர் இருந்தனர். 2012இல் அது ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. ஆனால் அந்த எண் சபையின் எல்லையை அளக்கிறதேயன்றி, நகரை அளக்கவில்லை. இலங்கையில் மாநகர சபை, நகர சபைப் பகுதிகள் மட்டுமே 'நகரம்' எனக் கணக்கிடப்படுவதால், குண்டசாலையில் வீடு கட்டிக் கண்டிக்கு வேலைக்கு வருபவர் புள்ளிவிவரத்தில் கிராமவாசியாகிவிடுகிறார். 2012இல் நாட்டின் நகரச் சனத்தொகை 18 வீதமளவில் நின்றதற்கு இந்த வரையறையும் ஒரு முக்கிய காரணம்.

மையம் மெலிந்து விளிம்பு பெருப்பது உலகெங்கும் காணப்படும் போக்கு. முதலில் மையம் நிரம்பும், பிறகு புறநகர் வளரும், அதன்பின் மையம் ஆட்களை இழக்கும், சில நகரங்களில் அவர்கள் மீண்டும் திரும்புவர் என்று வான் டென் பேர்க் முதலிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் வகுத்துக் காட்டினர். ஆயினும் அந்த வரிசையை நம் மலைநாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. கண்டி மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. 1988 முதல் உலக மரபுரிமை நகரமாகவும் இருப்பதால், பழைய நகரில் நினைத்தபடி உயர்த்திக் கட்ட இயலாது. வீடுகள் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் தனியார் வகுப்புகளாகவும் மாறும்போது குடியிருப்போர் தாமாகவே வெளியேறுகின்றனர். பகலில் அந்த வீதிகளில் நடப்பவர் எவரும் நகரம் வெறிச்சோடுகிறது என்று சொல்லமாட்டார்.

ஆகவே, காணி விலை சரியுமோ என்ற பயம் உங்களுக்குத் தேவையில்லை. யோசிக்க வேண்டியது திசை. குண்டசாலை, திகன பக்கம் நிலம் ஒப்பளவில் தட்டையானதுதான். ஆனால் ஊருக்குப் போக நீங்கள் ஒவ்வொரு முறையும் கண்டி நெரிசலைக் கடந்தாக வேண்டும். பேராதனை, கெலிஓயா, கம்பளை வழியாக நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை நோக்கிப் புகையிரதப் பாதை செல்கிறது. வயதான பெற்றோர் தோட்டத்தில் இருந்தால் கெலிஓயாப் பக்கமே உங்களுக்கு ஏற்றது என்பேன். கம்பளையில் பார்ப்பதாயின் மகாவலிக் கரையோரத் தாழ்நிலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வேலை நிரந்தரமாகாத நிலையில் கடனுக்குக் காணி வாங்குவதைவிட, வாடகையில் இருந்தபடி காத்திருப்பதே நலம். வாங்குவதென்றால், முற்பணம் கொடுக்குமுன் மூன்று காரியங்கள்: உறுதியைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிக் காணிப் பதிவகத்தில் சரிபார்க்கச் செய்யுங்கள், பிரதேச சபையில் கட்டட அனுமதி பற்றி விசாரியுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய அறிக்கை பெறுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் ஏற்படுத்திய அழிவுக்குப் பின், மூன்றாவதைப் பிற்போட்டுப் பணம் கைமாற்றுவதை எந்த விலைக்கழிவும் நியாயப்படுத்தாது.