மேவனில் சில ஃபைல்களை மட்டும் கம்பைல் செய்யாமல் விடுவது: கேள்வி பதில்

கேள்வி: பழைய பேமென்ட் கோட் ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. கம்பைல் செய்தால் எரர் கொட்டுகிறது. ஜாவா புராஜெக்டை பில்ட் செய்யும் டூலான மேவனில் அதை மட்டும் ஒதுக்க முடியுமா?

முடியும். பாம் ஃபைலில் (புராஜெக்டின் மேவன் செட்டிங் இருக்கும் ஃபைல்) மேவன் கம்பைலர் பிளகினின் கான்ஃபிகரேஷனுக்குள் ‘எக்ஸ்க்ளூட்ஸ்’ டேக் போட்டு, அதற்குள் ‘எக்ஸ்க்ளூட்’ டேகில் பாதையை எழுதுங்கள். சோர்ஸ் ஃபோல்டருக்கு உள்ளே இருந்துதான் பாதை தொடங்க வேண்டும். ‘எஸ்ஆர்சி’ என்று ஆரம்பித்தால் எதுவும் பொருந்தாது. பேக்கேஜ் பெயரில் வரும் புள்ளிக்குப் பதில் இங்கே சாய்கோடு. ஒற்றை நட்சத்திரம் ஒரே அடுக்குக்குத்தான். இரட்டை நட்சத்திரம் எத்தனை அடுக்கானாலும் உள்ளே போகும்.

கேள்வி: அப்படியே எழுதினேன். ஆனாலும் அந்த கிளாஸ் கம்பைல் ஆகிறதே, பிளகினில் ஏதாவது பக் இருக்கிறதா?

பக் இல்லை. நானும் இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன். முதலில் ‘கிளீன்’ கொடுத்துப் பாருங்கள். டார்கெட் ஃபோல்டரில் இருப்பது முன்பு உருவான கிளாஸ் ஃபைலாக இருக்கலாம்.

அதற்குப் பிறகும் வந்தால், வேறு ஏதோ ஒரு ஃபைல் அதைக் கூப்பிடுகிறது. ‘எக்ஸ்க்ளூட்’ செய்வது ஒன்றே ஒன்றுதான்: கம்பைலரிடம் கொடுக்கும் ஃபைல் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுகிறது. ஆனால் சோர்ஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதையும் மேவன் ஜாவாசிக்கு, அதாவது ஜாவா கம்பைலருக்கு, சொல்லிவிடுகிறது. ஆர்டர் கிளாஸுக்குள் பழைய பேமென்ட் கிளாஸின் பெயர் ஒரு வரியில் இருந்தால் போதும், ஜாவாசி தானே தேடிப்போய் அதையும் கம்பைல் செய்துவிடும். ‘இம்ப்ளிசிட் நன்’ ஆப்ஷன் கொடுத்தால் கிளாஸ் ஃபைல் உருவாகாது, அவ்வளவுதான். அந்த ஃபைலில் உள்ள எரர் அப்படியே வரும். எனவே கூப்பிடும் இடத்தைக் கண்டுபிடித்து அறுத்துவிடுங்கள். இம்போர்ட் வரிகளை மட்டும் தேடாதீர்கள். ஒரே பேக்கேஜில் இருந்தால் இம்போர்ட் இருக்காது; கிளாஸ் பெயரை வைத்தே தேடுங்கள்.

கேள்வி: இன்னொரு பில்ட் டூலான கிரேடிலில் இதை எப்படிச் செய்வது?

சோர்ஸ்செட்ஸுக்குள் மெயின், அதற்குள் ஜாவா, அங்கே ‘எக்ஸ்க்ளூட்’. கிரேடில் சோர்ஸ் பாத்தை, அதாவது சோர்ஸ் ஃபைல்களைத் தேடும் இடத்தை, காலியாகவே கொடுப்பதால் ஜாவாசி தேடிப்போக வழியில்லை. யாராவது அந்த கிளாஸைக் கூப்பிட்டால் ‘கேனாட் ஃபைண்ட் சிம்பல்’ என்று அங்கேயே நிற்கும். எனக்கு இதுதான் பிடிக்கும், தவறு எந்த வரியில் என்று உடனே தெரிகிறது.

கேள்வி: டெஸ்ட் ஃபைல்களுக்கும் இதே டேக்தானா?

இல்லை, ‘டெஸ்ட் எக்ஸ்க்ளூட்ஸ்’. டெஸ்ட் எதுவுமே வேண்டாம் என்றால் ‘மேவன் டெஸ்ட் ஸ்கிப்’ கொடுங்கள். ‘ஸ்கிப் டெஸ்ட்ஸ்’ ஓட்டத்தை மட்டும்தான் தவிர்க்கும், கம்பைல் நடக்கும்.

கேள்வி: லைசென்ஸ் லைப்ரரி இல்லாத மெஷினில் மட்டும் இரண்டு ஃபைலை விட வேண்டும்.

புரொஃபைலுக்குள், அதாவது தேவையான இடத்தில் மட்டும் இயக்கும் செட்டிங் தொகுப்புக்குள், அதே கான்ஃபிகரேஷனைப் போடலாம். ஆனால் இரண்டு ஃபைல் நாளைக்குப் பத்தாகும். அந்த லைப்ரரியைத் தொடும் கோட் பகுதியை இப்போதே தனி மாட்யூலாகப் பிரித்து, அந்த மாட்யூலை மட்டும் புரொஃபைலில் சேருங்கள்.