கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, உரிகம் பக்கம் பெருமரக் காட்டில் நடந்து ஜிபிஎஸ்ஸில் பாதையை வரைய போனே போதுமா?

போதும். தனிக் கருவி வாங்கும் முன் போன் செட்டிங்கைச் சரிசெய்யுங்கள்; பாதி மேப் கெடுவது அங்கேதான்.

அனுமதி முதலில். அந்தக் காடுகளில் பெரும்பகுதி 2014இல் அறிவித்த காவிரி வடக்கு, 2022இல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயங்களுக்குள் வருகிறது. வனத்துறை அனுமதியும் கூடவே வரும் காவலரும் இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். யானைக் காடு.

ஓஎஸ்எம்ஆண்ட் மாதிரி செயலியில் ஆஃப்லைன் மேப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள். இதை மறந்தால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பதிவு நின்றுவிடும். மலையைக் குறுக்கே வெட்டிய ஒரு நேர்கோடுதான் மிஞ்சும். டவர் தேடியே சார்ஜ் கரையும் என்பதால், வெட்டவெளியில் ஜிபிஎஸ் உங்கள் இடத்தைப் பிடித்தபின் ஏரோபிளேன் மோடுக்கு மாற்றுங்கள்.

பதிவு இடைவெளி 5 நொடி, குறைந்தபட்ச நகர்வு 5 மீட்டர். நகர்வு வரம்பு வைக்காவிட்டால், கட்டுச்சோறு பிரித்து உட்கார்ந்த அரை மணியில் புள்ளிகள் நூல்கண்டாய்ச் சுற்றி, நடக்காத தூரமும் கணக்கில் ஏறும்.

வெட்டவெளியில் பிழை 3 முதல் 5 மீட்டர். ஆற்றோர நீர்மருது மரங்களுக்கு அடியில் அது 10 மீட்டரைத் தாண்டும்: ஈரத் தழை சிக்னலை உறிஞ்சும், பாறைச் சரிவில் பட்டுத் திரும்பும் சிக்னல் தாமதமாய் வந்து குழப்பும். போனைக் கால்சட்டைப் பையில் போடாமல் தோள்பட்டையில் மாட்டுங்கள். உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைக்கிறது.

காட்டில் பளிச்சென்று தெரியும் தடம் பல சமயம் மாட்டுத்தடம், இல்லையென்றால் யானைத்தடம். அதனால் வழி பிரியும் ஒவ்வொரு கவையிலும் 2 நிமிடம் நின்று புள்ளி வைத்து, ‘இடது பட்டிக்கு, வலது பள்ளத்துக்கு’ என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடு பிசகினாலும் இந்தப் புள்ளிகள் காப்பாற்றும்.

உயரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை; பூமியின் கணித வடிவிலிருந்து அளக்கிறது. அதற்கான கடல்மட்டத் திருத்தம் செய்யாத செயலி, நம் பகுதியில் 80 மீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும்.

க்யூஜிஐஎஸ் என்ற கணினி மேப் மென்பொருளில் தூரம் அளப்பவர்கள் கவனிக்க: 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இந்த வட்டாரத்தை இரண்டாகப் பிளக்கிறது. உலகை 6 டிகிரி பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யுடிஎம் முறையில், அஞ்செட்டி, ஒகேனக்கல் 43ஆம் மண்டலம். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள் 44. ஒருவர் 43இல் எழுதித் தந்த எண்களை 44 என்று ஏற்றினால் பாதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போய் விழும்.

திரும்பும்போதும் அதே வழியைப் பதிவு செய்யுங்கள். இரண்டு கோடுகளும் 20 மீட்டருக்கு மேல் விலகும் இடத்தில் கோட்டை நம்பாமல், கவைப் புள்ளிகளை வைத்துக் கையால் திருத்துங்கள்.